ஒரு வாய் சோடா

மகுடேஸ்வரன் அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் திருப்பூரில் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். அவ்வளவு மரியாதையான மனுஷன். எங்களை மட்டும் உரிமையோடு 'கண்ணு', 'சாமி' என்பார், மற்றபடி வாயில் 'ங்க' இல்லாமல் ஒரு சொல் வராது. தெருநாயைக்கூட "அக்கட்டால போங்க" என்றுதான் விரட்டுவார். அந்த மரியாதையை வைத்துக்கொண்டே என் புருஷனைக் கொல்லப் பார்த்தார். யார் சண்டைக்கு வந்தாலும் வரட்டும், இதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன்.

நான் நாகஜோதி. நாயனம் வாசிக்கிறேன். என் வீட்டுக்காரர் மாரிச்செல்வம் தவில். மானாமதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்து இங்கேயே தங்கிவிட்டோம். மகுடேஸ்வரன் அண்ணன் உள்ளூர்க்காரர். மேளச் செட்டு அவருடையது. கல்யாணம் பேசுவது, தேதி குறிப்பது, மேடையில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து தாளம் போடுவது எல்லாம் அவர். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. அப்போது நாங்கள் பனியன் கம்பெனிக்குப் போவோம். நான் செக்கிங், என் வீட்டுக்காரர் கட்டிங் டேபிள். தை பிறந்தால் மறுபடி மேளம்.

மேளக்காரன் என்றால் குடிப்பான், குடித்தால்தான் வாசிப்பான் என்று இங்கே எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். கல்யாண வீட்டில் "சாப்புட்டீங்களா" என்று எங்களைக் கேட்பதற்கு முன்னால் "ரூமுக்குப் பாட்டல் போச்சா" என்று ஆளை விரட்டுகிறார்கள். சீர் ஊர்வலம் தொடங்கும் முன் தாய்மாமன் வந்து இடுப்பிலிருந்து ஒன்றை எடுத்து என் வீட்டுக்காரர் கையில் திணிப்பார். மரியாதையாம்! வெற்றிலை பாக்கு கொடுக்கிற மாதிரி. வாசிக்கிறவனுக்கு ஒரு ஈரல் இருக்கிறது, ஒரு பெண்டாட்டி இருக்கிறாள் என்று எவனாவது நினைத்தானா? வாங்க மறுத்தால் "என்னங்க, நம்மூட்டுச் சரக்கு ஆவாதுங்களா" என்று முகம் சுண்டிப்போகும்.

குண்டடம் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில், இங்கே நோம்பி என்பார்கள், என் வீட்டுக்காரர் தனியாக நின்று அடித்த அடியை இன்றைக்கும் பேசுகிறார்கள். "அன்னைக்கு மாரி ஃபுல் போதைங்க, ஆனா கை பேசுச்சு பாருங்க" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். அதற்கு அப்புறம் நடந்ததை ஒருத்தரும் பேசமாட்டார்கள். தவிலோடு வாய்க்காலில் விழுந்து கிடந்தார். தூக்கப் போன என்னை யாரென்று தெரியாமல் கெட்ட வார்த்தையில் வைதார். இன்னொரு நாள் போதையில் என் சீவாளிக் கொத்தை எடுத்து அடுப்பில் போட்டார். வாயில் வைத்து ஊதுகிற அந்தச் சீவாளி இல்லாவிட்டால் நாயனம் வெறும் கட்டை. காலையில் தெளிந்ததும் "சீவாளி எங்க ஜோதி" என்று என்னையே கேட்டார். அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு வந்து அவர் மடியில் கொட்டினேன்.

அன்றைக்குத்தான் அந்த ஆள் அழுதார். குடிகாரன் அழுகை இல்லை, நிஜ அழுகை. நானே மறுவாழ்வு இல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே முதலில் அவருக்குச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. கை அப்படி நடுங்கியது. தவில்காரர் கை! கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு கையையும் பின்னால் மறைத்துக்கொண்டு பேசினார். வெளியே வந்து பஸ் ஏறும் வரைக்கும் நான் அழவில்லை, ஏறின பிறகு ஒப்பாரியே வைத்தேன். கண்டக்டர் டிக்கெட் கேட்கவே பயந்தார்.

அவரை வீட்டுக்கு அனுப்பும்போது அங்கிருந்த டாக்டரம்மா ஒரு மாத்திரை பற்றிச் சொன்னார்கள். தினமும் காலையில் போட வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, உயிருக்கே ஆபத்தாகிவிடலாம். "யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்குச் சம்மதம்னாதான் குடுப்பேன்" என்றார்கள். என் வீட்டுக்காரர் யோசிக்கவே இல்லை.

"குடுங்கம்மா. எனக்கு என் மேலயே நம்பிக்கை இல்ல. பயமாச்சும் இருக்கட்டும்" என்றார்.

அன்றிலிருந்து காலையில் என் கண் முன்னால் மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்து, நாக்கை நீட்டிக் காட்டுவார். இருமல் மருந்துகூட டாக்டரம்மாவைக் கேட்காமல் வாங்குவதில்லை.

மகுடேஸ்வரன் அண்ணன் வீட்டுக்கே போய் இதை நான் சொன்னேன். "ஒரு சொட்டு உள்ள போனாலும் ஆகாதுண்ணே. உசுரு போயிரும்" என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"டாக்டருக அப்புடித்தான் கண்ணு பயமுறுத்துவாங்க. நீ வெசனப்படாத. மாரி என்ற சொந்தத் தம்பியாட்ட. நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். நன்றாகப் பார்த்துக்கொண்டார்!

தை பிறந்து வாசிக்கப் போனோம். கை முழுசாகத் திரும்பவில்லை என்பது உண்மைதான், அதை நான் மறைக்கவில்லை. மெதுவாகப் போகும்போது ஒன்றும் தெரியாது. வேகம் எடுக்கும் இடத்தில் விரல் தடுக்கும், தகதிமி என்று போகிற சொல்லில் ஒன்று விட்டுப்போகும். திருமுருகன்பூண்டியில் ஒரு காதுகுத்தில் அப்படித் தடுக்கியபோது அண்ணன் தாளத்தை நிறுத்தாமல் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். வேனில் வரும்போது, "கை பேசலையே மாரி. பழைய மாரி எங்கீங்க?" என்றார். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஜோதி, ஒருவேளை அவிங்க சொல்றது நெசம்தானோ? அது இல்லாம இது வராதோ?"

"கிறுக்கு மாதிரிப் பேசாதய்யா. கை வராட்டி போகட்டும். கட்டிங் டேபிள் எங்கயும் ஓடிப் போயிறல" என்றேன். சொல்லிவிட்டு எனக்கே தாங்கவில்லை. தவில் இல்லாமல் அந்த மனுஷன் இருப்பாரா?

அப்படி இருக்கும்போதுதான் பொங்கியண்ணன் வீட்டுக் கல்யாணம் வந்தது. பொங்கியண்ணன் பனியன் கம்பெனி முதலாளி. ஒரே மகள் நித்யஸ்ரீக்குக் கல்யாணம். பல்லடம் ரோட்டில் பெரிய மண்டபம். "குண்டடம் நோம்பில அடிச்ச அந்தத் தவுலுக்காரர்தான் வேணுமுங்க" என்று பிடிவாதமாகச் சொல்லியிருந்தார். கை தடுக்கினால் தன் பெயர் போய்விடும் என்று மகுடேஸ்வரன் அண்ணன் ஒரு வாரமாகவே புலம்பிக்கொண்டிருந்தார்.

தவில்காரர் கை எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? வலது கை விரல்களில் கூடு மாட்டியிருப்பார்கள். துணியைப் பசையில் நனைத்து விரலில் சுற்றிக் காயவைத்தது, கல் மாதிரி இருக்கும். என் வீட்டுக்காரர் அதற்குப் பனியன் வேஸ்ட் துணியைத்தான் சுற்றுவார். இடது கையில் கழி. கூடு மாட்டிவிட்டால் பாட்டில் மூடி திறக்க முடியாது, டம்ளர் பிடிக்க முடியாது. வாசிப்பின் நடுவில் தாகம் எடுத்தால் பக்கத்தில் இருக்கிறவர் வாயில் ஊற்ற வேண்டும். தவில்காரர் ஜனத்தைப் பார்த்துக்கொண்டே வாயை மட்டும் திறப்பார். எந்தச் செட்டிலும் இப்படித்தான். அதனால்தான் நான் ஒரு எவர்சில்வர் பாட்டிலில் வீட்டிலிருந்தே தண்ணீர் கொண்டுபோய் என் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். நான் மட்டும்தான் ஊற்றுவேன்.

கல்யாணத்தன்று காலையில் மேளக்காரர் ரூமுக்குப் பொங்கியண்ணன் கம்பெனி மேனேஜர் வந்தார். கையில் ஜவுளிக்கடைப் பை. உள்ளே பாட்டில்.

"மொதலாளி குடுத்துவுட்டாருங்க."

நான் பையை வாங்கி அவர் கையிலேயே திருப்பி வைத்தேன். "எங்களுக்கு வேண்டாங்க. ரெண்டு இளநி இருந்தாக் குடுங்க."

மேனேஜர் முகம் கறுத்தது. "மருவாதிக்குக் குடுத்ததுங்க. திருப்பிக் கொண்டுபோனா மொதலாளி என்ன நெனப்பாரு?"

"என்னமும் நெனைக்கட்டும்" என்றேன். மகுடேஸ்வரன் அண்ணன் நடுவில் வந்து, மேனேஜர் கையிலிருந்து பையை நைசாக வாங்கிக்கொண்டார்.

"உடுங்க உடுங்க. அம்மிணிக்குக் கோவம் வந்துருச்சு. நானே மொதலாளிகிட்டக் குடுத்தர்றேனுங்க."

நான் நம்பினேன். அந்த 'ங்க'வை யார்தான் நம்பமாட்டார்கள்?

மாப்பிள்ளை அழைப்பில் கை இரண்டு இடத்தில் தடுக்கியது. அண்ணன் என் வீட்டுக்காரர் கையையே பார்த்துக்கொண்டு தாளம் போட்டார். அழைப்பு முடிந்து மேடைக்கு வரும் முன் அண்ணனை ரூம் பக்கம் பார்த்தேன். திரும்பி வரும்போது கையில் ஒரு சோடா பாட்டில் இருந்தது. கல்யாண வீட்டில் ஆளுக்கொரு சோடா பாட்டில்தான் வைத்திருக்கிறார்கள். நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

முகூர்த்தம் நெருங்கியது. மணவறையைச் சுற்றி ஜனம் மொய்த்தது. கேமராக்காரர்கள் என் மூக்குக்கு முன்னால் நின்றார்கள். நான் நாயனத்தை வாயில் வைத்து வாசித்துக்கொண்டிருந்தேன். கண் ஓரத்தில் பார்க்கிறேன், அண்ணன் தாளத்தை மடியில் வைத்துவிட்டுச் சோடா பாட்டிலைத் திறக்கிறார். என் வீட்டுக்காரர் உதட்டுக்குக் கொண்டுபோகிறார்.

"ஒரு வாய் சோடா குடி சாமி. தொண்ட காஞ்சு கெடக்குது."

என் வாயில் சீவாளி. கத்த முடியவில்லை. என் வீட்டுக்காரர் மணவறையைப் பார்த்துக்கொண்டே, பழைய பழக்கத்தில், வாயைத் திறந்தார். அண்ணன் ஊற்றினார்.

அந்த நொடியே அவர் முகம் மாறியது. கன்னம் இரண்டும் உப்பி நின்றன. விழுங்கவில்லை. கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதே நேரம் மணவறையிலிருந்து குரல் வந்தது. "கெட்டி மேளம்! கெட்டி மேளம்!"

தாலி கட்டும்போது தும்மலோ அழுகையோ கெட்ட வார்த்தையோ ஒன்றும் காதில் விழக்கூடாது. அதற்குத்தான் கெட்டி மேளம். அந்த நேரத்தில் மேளம் நின்றால் அபசகுனம் என்பார்கள், அந்தப் பெண்ணுக்கு வாழ்நாளில் எது நடந்தாலும் அது மேளக்காரன் தலையில்தான் விழும். மேளம் நிற்கவும் கூடாது. அக்கினிக்கு முன்னால் துப்பவும் கூடாது. திரும்பலாம் என்றால் சுற்றிலும் பட்டுப்புடவையும் கேமராவும். மடியில் தவில், ஒரு கையில் கழி, மறு கையில் கூடு. வாய் நிறையச் சரக்கு.

அவர் அடித்தார். வாயை இறுக மூடிக்கொண்டு அடித்தார். நெற்றி நரம்பு புடைத்தது. கண் என்னை விட்டு நகரவே இல்லை. தொண்டை முடிச்சு ஒரு தடவை மேலே ஏறியது. பெற்ற தாய் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனுஷனுக்கு விழுங்க ஆசை இருந்தது. எத்தனை நாள் தாகம் அது! விழுங்கட்டுமா என்றுதான் அந்தக் கண் என்னைக் கேட்டது.

நான் வாயிலிருந்து நாயனத்தை எடுத்தேன்.

எங்கள் தொழிலில் இதைச் செய்தவர்கள் யாரும் கிடையாது. என் அப்பா உயிரோடு இருந்திருந்தால் அங்கேயே என்னை அறைந்திருப்பார். நான் எழுந்தேன். முந்தானையை உதறி இரண்டு கையிலும் குவித்து அவர் வாய்க்கு நேரே பிடித்தேன்.

"துப்புய்யா!"

அவர் தலையை ஆட்டினார். கல்யாண வீட்டுக்காரர்கள் முன்னால், மணவறைக்குப் பக்கத்தில், என் பட்டுப்புடவையில் எப்படித் துப்புவது என்று அந்த நேரத்திலும் மரியாதை பார்க்கிறார்!

"துப்புறியா, இல்ல உள்ள கைய விட்டு எடுக்கட்டுமா? துப்பு!"

துப்பினார். என் கையெல்லாம் நனைந்தது. நாற்றம் குப்பென்று ஏறியது. ஆனால் அவர் கை நிற்கவில்லை. ஒரு சொல் தடுக்கவில்லை. நாயனம் இல்லாமல் வெறும் தவில் மண்டபம் முழுக்க இடித்தது. அந்தச் சத்தத்தின் நடுவில் நான் மகுடேஸ்வரன் அண்ணன் பக்கம் திரும்பினேன். என் வாயில் என்னென்ன வந்ததோ அத்தனையும் சொன்னேன். எங்கள் ஊரில் வயல் வரப்புச் சண்டையில் கேட்ட வார்த்தைகள்கூட வந்தன. அண்ணன் வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார். கெட்டி மேளத்தில் ஒரு காதிலும் ஒன்றும் விழவில்லை. மூன்றாவது முடிச்சு விழுந்தது. அட்சதை விழுந்தது. யாரோ கையைக் காட்ட, மேளம் நின்றது.

நான் நிறுத்தவில்லை.

"மாத்திர சாப்புடுறாருன்னு உன்னக் கும்பிட்டுச் சொன்னேனேய்யா! சாகட்டும்னுதானே ஊத்துன? கொலகாரப் பயலே!"

மணமகள் நித்யஸ்ரீ தலையைத் தூக்கிப் பார்த்தாள். பொங்கியண்ணன் மணவறையிலிருந்து ஓடி வந்தார்.

"ஏனுங்கம்மா இது? நல்ல காரியத்துல வந்து..."

நனைந்த முந்தானையை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். "மோந்து பாருங்க மொதலாளி. உங்க மரியாதைதான். காலையில குடுத்துவிட்டீங்கல்ல?"

அவர் மோந்தார். ஒரு அடி பின்னால் போனார். "நாங்க எல்லாத்துக்கும் குடுக்கறதுதானுங்க" என்றார், மெதுவாக.

மகுடேஸ்வரன் அண்ணன் எழுந்தார்.

"கை பேசோணும்னுதான் கண்ணு. உன்ற புருசனுக்குப் பேரு கெடக்கூடாதுன்னுதான் ஒரே ஒரு வாய்... வேற ஒண்ணும் மனசுல இல்லீங்க."

அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நல்லெண்ணத்தில் செய்தாராம். விரோதத்தில் செய்திருந்தால்கூட ஒரு கணக்கில் அடங்கும். பாசத்தில் விஷம் ஊற்றுகிறவனை என்ன செய்வது?

"இனிமே எங்க ஊட்டுப் பக்கம் வந்துறாதீங்க" என்றேன். கோபத்தில் அவர் ஊர்ப் பேச்சே வந்துவிட்டது.

நாயனத்தை உறையில் போட்டேன். தவிலை என் தோளில் மாட்டிக்கொண்டேன். கூடு மாட்டிய கையைப் பிடித்து அவரை இழுத்துக்கொண்டு நடந்தேன். ஜனம் விலகி வழிவிட்டது. ஒரு கிழவி "தாலி கட்டற நேரத்துல நாயனம் நின்னுபோச்சே" என்று தலையில் கை வைத்தாள். தவில் நிற்கவில்லை பாட்டி, அதைப் போய்ச் சொல்லு என்று அவளிடமும் ஒரு கத்து கத்திவிட்டுப் போனேன்.

பந்தி நடக்கும் இடத்தில் கை கழுவும் குழாய்ப் பக்கம் அவரை நிறுத்தினேன். முகம் சிவந்து கிடந்தது. மார்பில் கை வைத்தேன், திக்குத் திக்கென்று அடித்தது. விழுங்காமலே இவ்வளவு. விழுங்கியிருந்தால்? ஆட்டோ பிடித்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதற்கு முன்னால் வாயைக் கழுவ வேண்டும். என் எவர்சில்வர் பாட்டிலைத் திறந்தேன்.

"கேட்டியா ஜோதி?" என்றார்.

"என்னத்த?"

"கை. தடுக்கவே இல்லல்ல? உள்ள ஒரு சொட்டு போகல. ஆனா கை வந்துருச்சு."

"வந்த கைய வச்சுக்கிட்டு என்னத்தக் கிழிக்கப் போற? மொத வாயத் தொற!"

பாட்டிலை உதட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் வாயைத் திறக்கவில்லை. தலையைக் கொஞ்சம் குனிந்து, பாட்டில் வாயில் மூக்கை வைத்து, மோந்து பார்த்தார். நான் கொடுத்த தண்ணீரை. வீட்டிலிருந்து நான் கொண்டு வந்த தண்ணீரை. செய்த பிறகுதான் என்ன செய்தோம் என்று அவருக்கே உறைத்தது. "இல்ல ஜோதி, நான் சும்மா..." என்று இழுத்தார்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கோபமா அழுகையா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை.

"மோந்து பாரு" என்றேன். "நல்லா மோந்து பாரு. எவன் குடுத்தாலும் மோந்து பாரு. நான் குடுத்தாலும் மோந்து பாத்துட்டே குடி."

அவர் இன்னொரு தடவை மோந்து பார்த்தார். அப்புறம் வாயைத் திறந்தார். நான் ஊற்றினேன்.